அமைதியாக நிற்கிற குதிரை சந்தோசமாக இருக்கிறதா?

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் மட்டக்குதிரை வைத்துச் சவாரி விடுகிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னுடைய குதிரை நல்ல சாது. உதைக்காது, கடிக்காது, யார் ஏறினாலும் ஒன்றும் செய்யாமல் நடக்கும். மூன்று நேரமும் சாப்பாடு போடுகிறேன். போன சீசனில் இரண்டு வெள்ளைக்காரர் வந்து, இந்தக் குதிரை மனமுடைந்து போயிருக்கிறது என்று ஏசிவிட்டுப் போனார்கள். குதிரைக்கு மனம் உடையுமா? அது சந்தோசமாக இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தம்பி, குதிரைக்கு மனம் உடையும். ஆனால் சாதுவாக இருக்கிறது என்ற ஒன்றை வைத்துக்கொண்டு அது நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல ஏலாது, உடைந்துபோயிருக்கிறது என்றும் சொல்ல ஏலாது. வந்தவர்கள் அரை மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது அவசரம். அவர்கள் பயந்த விசயம் மட்டும் பொய்யில்லை. ஆகவே ஏச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் குதிரையைப் பார்ப்போம்.

கோட்டை வாசலிலும் சந்தைப் பக்கத்திலும் மான்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். காலில் அடிபட்ட மான் ஒன்று கத்திப் பார்த்திருக்கிறீர்களா? நொண்டியபடியே கூட்டத்தோடு நிற்கும், புல்லைக் கடிக்கும், ஆள் கிட்டப் போனால்தான் நகரும். நாயின் வாலை மிதித்தால் அது ஊரைக் கூட்டிவிடும். குதிரை இதில் மானின் பக்கம். காட்டில் அடித்துத் தின்னப்பட்ட பிராணி அது. நோவை வெளியே காட்டியவன் முதலில் செத்தான். அதனால் குதிரையின் வேதனைக்குச் சத்தம் இல்லை. அதை முகத்திலும் கழுத்திலும் காதிலும் தேட வேண்டும்.

நீங்கள் கேட்ட "மனம் உடைகிறது" என்பதை 2012இல் பிரான்ஸ் நாட்டு ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சவாரிப் பள்ளிக் குதிரைகளில் வைத்துப் பார்த்தார்கள். சில குதிரைகள் நாளில் பல தடவை ஒரே மாதிரி உறைந்து நின்றன. கழுத்து முதுகின் மட்டத்துக்கு நேராக நீட்டியிருக்கும், கண் திறந்திருக்கும் ஆனால் எதையும் பார்க்காது, காது அசையாது. தோலைத் தொட்டால் மற்றக் குதிரைகளை விடக் குறைவாகவே உணர்ந்தன. நெருக்கடியில் சுரக்கிற கோர்ட்டிசோல் என்ற சுரப்பும் இரத்தத்தில் குறைவாக இருந்தது. மனிதரின் மனச்சோர்வோடு ஒப்பிடக்கூடிய நிலை என்று அவர்கள் எழுதினார்கள். நடப்பது என்னவென்றால், எதிர்த்துப் பார்த்துப் பயனில்லை என்று கண்ட பிராணி எதிர்ப்பதை விட்டுவிடுகிறது. முதலாளிக்கு அது நல்ல பிள்ளையாகத் தெரியும்.

களைத்து ஓய்வெடுக்கிற குதிரையும் தூரத்திலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும், ஆகவே பிழை விடாதீர்கள். ஓய்வில் நிற்கிற குதிரை ஒரு பின்னங்காலை மடக்கிக் குளம்பின் நுனியில் ஊன்றியிருக்கும், கண்ணிமை பாதி மூடியிருக்கும், கீழுதடு தொங்கும், காது இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். பக்கத்தில் வாளிச் சத்தம் கேட்டால் ஒரு காதாவது திரும்பும். உறைந்து நிற்கிற குதிரைக்கு நாலு காலும் ஊன்றியிருக்கும், கண் திறந்திருக்கும், வாளிச் சத்தத்துக்கும் ஒன்றும் நடக்காது. சவாரி இல்லாத நேரத்தில், நீங்கள் அதன் கண்ணில் படாமல் தள்ளி இருந்து கவனியுங்கள். ஒரு நாள் பார்த்து முடிவு கட்டவும் வேண்டாம்.

மனத்தைப் பார்க்க முதல் உடம்பைப் பார்க்க வேண்டும். சோர்ந்து நிற்கிற குதிரையில் பாதிக்கு மேல் நோவு இருக்கிற குதிரை என்பது என் எண்ணம். முகத்தை வைத்து நோவை அளக்கிற முறை ஒன்று 2014இல் வந்தது, ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறது: விறைத்துப் பின்னால் போன காது, இறுகிய கண்ணிமை, கண்ணுக்கு மேலே எலும்பு எடுப்பாகத் தெரிகிற இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் தள்ளிய மோவாயும், விறைத்த மூக்குத் துவாரம். உங்கள் குதிரை ஆறுதலாக நிற்கிற நேரத்தில் போனில் அதன் முகத்தைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்றாவது சவாரி முடிந்த பிறகு இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் பதில் அரைவாசி தேவைப்படாது.

ஆள் ஏறியிருக்கும்போது பார்க்க வேறொரு பட்டியல் உண்டு. இங்கிலாந்து மிருக வைத்தியர் சூ டைசன் தொகுத்தது. 24 நடத்தைகள்: வாலை அடிக்கடி வீசுவது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, தலையை ஆட்டுவது, காலை இழுப்பது என்று போகும். அதில் எட்டோ மேலோ ஒரே சவாரியில் தெரிந்தால் தசையிலோ எலும்பிலோ நோவு இருக்கச் சாத்தியம் அதிகம் என்பது அவருடைய கணக்கு. "பிடிவாதம்", "சோம்பல்" என்று நாங்கள் பெயர் வைக்கிற முக்கால்வாசி அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும்.

நோவு எங்கிருந்து வருகிறது? கடற்கரைக் குதிரைக்கு முதல் காரணம் பாரம். சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது நெடுங்காலக் கணக்கு, ஆய்வுகளும் அதற்குக் கிட்டத்தான் வந்து நிற்கின்றன. உங்கள் குதிரையின் எடை எவ்வளவு என்று தெரியுமா? தராசு தேவையில்லை, தையற்காரரின் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவுங்கள். பிறகு தோள்முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளம். இரண்டும் சென்றிமீற்றரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிட்டத்தட்டக் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 135, நீளம் 125 என்றால் 192 கிலோ. அதில் ஐந்தில் ஒன்று 38 கிலோ. சேணமும் மெத்தையும் நாலைந்து கிலோ போனால் மிச்சம் 33, 34 கிலோ. பத்து வயதுப் பிள்ளை ஏறலாம். பிள்ளையின் அப்பா ஏறக்கூடாது. எண்பது கிலோ வெள்ளைக்காரர் படம் எடுக்க ஒரு நிமிடம் ஏறுகிறேன் என்றாலும் கூடாது. புதைகிற மணலில் நடப்பது தரையில் நடப்பதை விடக் கடினம், ஆகவே இந்தக் கணக்கிலும் கொஞ்சம் குறைத்துத்தான் வைக்க வேண்டும். முதுகில் வெள்ளை மயிர்த் திட்டு இருந்தால் அது பிறவி அடையாளம் என்று விட்டுவிடாதீர்கள். சேணம் அழுத்திப் புண்ணாகி ஆறின இடத்தில் மயிர் வெள்ளையாகத்தான் முளைக்கும்.

இரண்டாவது காரணம் எங்கள் ஊர்ப் பாசத்தால் வருவது. மாடு வளர்த்துப் பழகிய கையால் குதிரைக்கும் போடுகிறோம்: தவிடு, சி.ஓ. மூன்று என்கிற நேப்பியர் வகைப் புல், வேலியில் நிற்கிற இபில் இபில், கிளிரிசீடியா இலைகள். தம்பலகாமத்துப் பசுவுக்கு இதெல்லாம் நல்ல தீன். குதிரைக்கு இரைப்பை ஒன்றுதான், அசை போடாது. அரிசித் தவிட்டில் கல்சியத்தை விடப் பொசுபரசு பத்து மடங்குக்கும் மேல். நேப்பியர் வகைப் புல்லிலும் கினிப் புல்லிலும் ஒட்சலேற்று இருக்கிறது, அது மிச்சக் கல்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர் ஒட்சலேற்றை உடைத்துவிடும், குதிரையில் அது நேரத்துக்கு நடக்காது. கல்சியம் கிடைக்காத உடம்பு எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். முதலில் நடை விறைக்கும், கால் மாற்றி மாற்றி நொண்டும், பிறகு முகத்து எலும்பு இரண்டு பக்கமும் வீங்கும். அந்த முதல் கட்டத்தில் குதிரை வெறும் சோம்பேறியாகத் தெரியும். வயிறு நிறையத் தின்கிறது, உடம்பும் இருக்கிறது, ஆனால் எலும்பு நோகிறது. நாங்கள் கம்பை எடுக்கிறோம்.

தவிட்டை நிறுத்துங்கள். புல்லைக் கலந்து போடுங்கள். அறுகம்புல் கிடைக்கிற இடத்தில் அறுகை விடாதீர்கள், பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அறுகைத்தான் வெளிநாடுகளில் உலர்த்திக் கட்டுக் கட்டாகக் குதிரைக்கு விற்கிறார்கள். சுண்ணாம்புக்கல் தூள் எவ்வளவு சேர்ப்பது என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். இபில் இபில் தின்ற குதிரைக்குப் பிடரிமயிரும் வாலும் கொட்டும். கிளிரிசீடியாவும் குதிரைக்கு ஆகாது. கோழித்தீனைக் கண்ணிலும் காட்டாதீர்கள். அதில் சேர்க்கிற சில மருந்துகள் கோழிக்கு நல்லது, குதிரையின் இருதயத்தை நிறுத்திவிடும்.

அடுத்தது மணல். தீனை நிலத்தில் போட்டால் புல்லோடு மணலும் உள்ளே போகும், குடலில் தங்கும், வயிற்றுக்குத்து வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்றுக்குத்து என்றால் உயிர் ஆபத்து. ஒரு கை சாணத்தை வாளித் தண்ணீரில் கரைத்து விட்டு அடியைப் பாருங்கள். மணல் படிந்தால் இன்றைக்கே படங்கு விரித்து, அதன் மேல் தொட்டி வைத்துத் தீன் போடத் தொடங்குங்கள்.

இனி, "மூன்று நேரமும் சாப்பாடு" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பாகத்தான் செய்கிறீர்கள், ஆனால் குதிரை மனிதரைப் போல மூன்று நேரம் சாப்பிட உண்டான உடம்பு இல்லை. அவிழ்த்து விட்டால் ஒரு நாளில் பதினாலு, பதினாறு மணித்தியாலம் மேயும். அதன் இரைப்பை சிறியது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கிற உமிழ்நீரோ மென்றால் மட்டும்தான் ஊறும். காலையில் ஒரு வாளி, மத்தியானம் ஒரு வாளி, இரவில் ஒரு வாளி என்றால் நடுவில் உள்ள நேரமெல்லாம் வெறும் வயிற்றில் அமிலம். புண் வரும். சேணத்தின் வயிற்றுப்பட்டியை இறுக்கும்போது காதைப் பின்னால் போட்டுக் கடிக்கப் பார்க்கிற குதிரைக்குக் குணம் கெட்டுவிட்டது என்று நினைக்க முதல் வயிற்றை நினையுங்கள். சவாரிக்குப் போக முதலும் ஒரு பிடி புல் தின்னக் கொடுப்பது நல்லது, ஓடுகிறபோது அமிலம் மேலே தெறிக்காமல் அது தடுக்கும்.

வாய்க்கு வேலை இல்லாத குதிரை தனக்கு ஒரு வேலை தேடிக்கொள்ளும். கட்டியிருக்கிற தென்னையைப் பல்லால் பிடித்து, கழுத்தை வளைத்து, ஏப்பம் போலச் சத்தத்தோடு காற்றை விழுங்கும். அல்லது தலையையும் கழுத்தையும் இடமும் வலமும் விடாமல் ஆட்டும். கூட்டமாக வெளியில் மேய்கிற குதிரைகளில் இதைக் காணமுடியாது, கட்டி வைத்த குதிரையில்தான் வரும். கெட்ட பழக்கம் என்று கழுத்தில் பட்டி கட்டி நிறுத்துகிறவர்கள் உண்டு. அது அந்தக் குதிரை தன் நெருக்கடியைச் சமாளிக்கக் கண்டுபிடித்த ஒரே வழி. காரணத்தை விட்டுவிட்டு வழியை அடைத்தால் நெருக்கடி கூடும்.

இப்போது உங்கள் கேள்வியின் நடு இடத்துக்கு வருகிறேன். இரவில் உங்கள் குதிரை படுக்கிறதா?

குதிரை நின்றபடி தூங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலின் மூட்டுகளைப் பூட்டி நிறுத்துகிற அமைப்பு அதற்கு உண்டு. ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கம் நின்றபடி வராது, படுத்தால்தான் வரும். நாளுக்கு அரை மணித்தியாலம் அளவில் அது தேவை. பல நாள் படுக்காத குதிரை நின்றபடியே கண் சொருகி முழங்காலில் விழும், முன்னங்கால் மூட்டின் முன்பக்கம் காயத் தழும்பு இருக்கும். படுக்காததற்குக் காரணம் கயிறு கட்டையாக இருக்கலாம், நிலம் ஈரமாக இருக்கலாம், மூட்டு நோகலாம். உங்கள் விசயத்தில் நான் சந்தேகப்படுவது வேறொன்று: அது தனியே நிற்கிறது. கூட்டமாக இருக்கும் குதிரைகளில் சில படுக்கும், ஒன்று நின்று காவல் காக்கும். உப்புவெளியில் இரவில் தெருநாய்க் கூட்டம் எப்படித் திரிகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காவலுக்கு ஆளில்லாத குதிரை எப்படிப் படுக்கும்?

யாழ்ப்பாணப் பக்கத்து நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் கூட்டம் கூட்டமாகத்தான் திரியும். அங்கே அவற்றுக்குச் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை, கோடையில் தண்ணீர் இல்லாமல் அவை படுகிற பாடு ஊரறிந்தது. ஆனால் தாகத்திலும் ஒன்றையொன்று விடாது. இரண்டு குதிரை எதிரெதிராக நின்று, ஒன்றின் முதுகு மேட்டை மற்றது பல்லால் சொறிந்துவிடும். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற அந்த இடத்தைச் சொறிந்தால் இருதயத் துடிப்பு இறங்குகிறது என்று 1993இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். நீங்கள் செய்யக்கூடியது இது: கழுத்தில் படார் படார் என்று தட்டிக் கொடுப்பதை விட்டு, அந்த மேட்டை விரலால் நன்றாகச் சொறிந்துவிடுங்கள். மேலுதடு நீண்டு துடித்தால், கழுத்தை உங்கள் பக்கம் சாய்த்தால், சரியான இடம்.

உங்கள் விரல் இன்னொரு குதிரைக்கு ஈடாகாது. இரண்டாவது குதிரைக்குக் காசில்லை என்றால் கழுதையோ ஆடோ கூட ஓரளவு துணை, ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: ஒற்றைக் குதிரையை வைத்துச் சவாரித் தொழில் செய்வது சரிவராது. நாள் முழுக்க வேலை, இரவு முழுக்கத் தனிமை. இரண்டு குதிரை என்றால் ஒன்று நடக்கும்போது மற்றது நிழலில் நிற்கும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும், இரவில் ஒன்றுக்கு மற்றது துணை. இங்கிலாந்தில் பிளாக்பூல் கடற்கரையில் சவாரிக் கழுதைகளுக்கு நகரசபை விதியே உண்டு: காலை பத்துக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் வேலை இல்லை, பகலில் ஒரு மணித்தியாலம் ஓய்வு, வெள்ளிக்கிழமை முழு நாள் விடுமுறை. எங்கள் நாட்டில் கேட்டால் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தைக் காட்டுவார்கள். அதில் கழுதையின் வெள்ளிக்கிழமைக்கு இடமில்லை. நாங்களாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிளாக்பூல் நேரத்தை அப்படியே திருகோணமலைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அங்கே பத்து மணி என்றால் குளிர். எங்கள் சீசனின் சிக்கல் என்னவென்றால், சுற்றுலாக்காரர் வருகிற மே முதல் செப்ரெம்பர் வரைதான் கச்சான் காற்றும் வெயிலும். குதிரைக்குக் கடினமான மாதங்களில் அதற்கு வேலையும் அதிகம். காலை ஆறிலிருந்து எட்டரை வரை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு, அவ்வளவுதான். இடையில் எவ்வளவு காசு தந்தாலும் நிழலை விட்டு எடுக்கக்கூடாது. குதிரையின் வியர்வை எங்கள் வியர்வையை விட உப்புக் கூடியது, அதனால் தண்ணீரோடு உப்பும் நிறையப் போகும். எடையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிராம் கறியுப்பு நாளாந்தம் தீனில் சேர்க்கலாம், நன்றாக வியர்க்கிற நாளில் கொஞ்சம் கூட்டலாம். தண்ணீர் எந்த நேரமும் கிட்ட இருக்க வேண்டும். வேலை முடிந்த சூட்டில் குடித்தால் கூடாது என்பதும், உடம்பில் குளிர்தண்ணீர் ஊற்றினால் தசை பிடிக்கும் என்பதும் பழைய பயங்கள். ஊற்றுங்கள், நிறுத்தாமல் ஊற்றுங்கள். கடலில் குளிப்பாட்டினால் பிறகு கிணற்றுத் தண்ணீரில் அலசிவிடுங்கள், உப்புக் காய்ந்த தோலில் சேணம் உரசினால் புண்.

தாடைக்குக் கீழே உள்புறம் விரல் வைத்தால் நாடி பிடிபடும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மட்டக்குதிரைக்குச் சற்றுக் கூடலாம். மூச்சு 8 முதல் 16. சவாரி முடிந்து கால் மணித்தியாலம் நிழலில் நின்ற பிறகும் நாடி 60க்கு மேல் என்றால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் மற்றக் குதிரை நனைந்திருக்க இது மட்டும் வியர்க்காமல் மூச்சு வாங்கினால் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள். வெப்ப நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். வெள்ளைக்காரர் தங்கள் குதிரைகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்த காலத்திலேயே கவனித்த கோளாறு அது.

கையாளும் விதத்துக்கு வருவோம். நூற்றாண்டுக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே கூடியது. 1907இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து பார்த்தபோது, கேள்வி கேட்கிறவரின் தலையும் முகமும் தம்மை அறியாமல் மயிரளவு அசைவதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் குளம்பைத் தட்டுவதை நிறுத்துகிறது என்று தெரிந்தது. சனங்கள் ஏமாந்துவிட்டோம் என்று சிரித்தார்கள். எனக்கு அதில் பெரிய விசயமாகப் படுவது, மனிதர் கவனிக்காததைக் குதிரை கவனித்தது. 2016இல் இங்கிலாந்து சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் கோபமான மனித முகத்தின் படத்தைக் காட்டினாலே குதிரையின் இருதயம் வேகமாக அடிக்கிறது என்று காட்டினார்கள். நீங்கள் ஹோட்டல்காரரோடு சண்டை பிடித்துவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தால், குதிரைக்கு அது தெரியும்.

கடற்கரையில் பிள்ளைகள் நேரே முகத்துக்கு ஓடி வருவார்கள். குதிரைக்கு ஏறத்தாழச் சுற்றிலும் தெரியும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குருட்டிடம். பக்கவாட்டில் தோளை நோக்கி வரச் சொல்லுங்கள். ஏறிய பிள்ளையின் கையில் கடிவாள வாரைக் கொடுக்கவே வேண்டாம். குதிரை கற்பது அழுத்தம் விலகுகிற கணத்தில்தான். நடந்தால் அழுத்தம் போகும், நின்றால் அழுத்தம் போகும் என்று அதற்குத் தெளிவாக இருக்க வேண்டும். பிள்ளை விழாமலிருக்க வாரைப் பிடித்துத் தொங்குகிறது, நீங்கள் முன்னால் இழுக்கிறீர்கள், எதைச் செய்தாலும் வாயில் இரும்பு விலகாது. உறைந்து நிற்கிற குதிரை உண்டாவது இப்படித்தான். சேணத்தில் பிடிக்க ஒரு வளையம் வையுங்கள், குதிரையை வாயில் இரும்பில்லாத தலைக்கயிற்றால் நடத்துங்கள். சாதுவான குதிரைக்கு அது போதும். உப்புக்காற்றில் துருப்பிடித்த இரும்பை வாங்கி மாற்றுகிற செலவும் மிச்சம்.

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று எங்கள் பழமொழி குதிரையைப் பரிகாசம் பண்ணும். எனக்கு அந்தக் குதிரையைப் பிடிக்கும். அதற்கு இன்னும் ஒரு விருப்பம் இருக்கிறது, அதை வெளியே சொல்லத் துணிவும் இருக்கிறது. நோர்வேயில் 23 குதிரைகளுக்கு மூன்று அடையாளப் பலகை பழக்கினார்கள்: போர்வை போடு, போர்வையை எடு, இருக்கிறபடி விடு. எல்லாமே கற்றுக்கொண்டன. குளிர் மழையில் போடச் சொல்லின, வெயிலில் எடுக்கச் சொல்லின. கேட்டால் பதில் சொல்லக்கூடிய பிராணி என்று இதற்குமேல் நிரூபிக்கத் தேவையில்லை.

உங்களுக்குப் பலகை வேண்டாம். நல்ல வேலி போட்ட வளவுக்குள் குதிரையை அவிழ்த்து விடுங்கள். ஒரு நாள் வெறுங்கையோடு போங்கள், ஒரு நாள் தீன் வாளியோடு, ஒரு நாள் சேணத்தோடு. வாளிக்கு எந்தக் குதிரையும் வரும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். வெறுங்கையோடு போகும்போது காதை முன்னால் நீட்டி உங்களிடம் வந்தால் உங்கள் மேல் அதற்கு நம்பிக்கை இருக்கிறது. சேணத்தைக் கண்டும் வந்தால் வேலையும் பெரிதாக வெறுக்கவில்லை. சேணத்தைக் கண்டு பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போனால், முதுகிலோ வயிற்றிலோ வேலை நேரத்திலோ ஒன்று பிழைத்திருக்கிறது. மூன்றுக்கும் வராமலும் போகாமலும் நின்ற இடத்திலேயே நின்றால்தான் நான் உண்மையில் கவலைப்படுவேன். அப்படியானால் சவாரியை இரண்டு மூன்று மாதம் நிறுத்திவிட்டு, உடம்பைச் சோதித்து, துணை சேர்த்து, மேயவிட்டு, மறுபடி பாருங்கள். உறைந்திருந்த குதிரை தேறி வரும்போது முதலில் குழப்படி செய்யும்: தலையைத் திருப்பும், காலைத் தூக்கத் தராது, மண்ணில் உருளும். அந்த நேரம் பழைய சாதுக் குதிரைதான் நல்லது என்று தோன்றும். கம்பை எடுத்துவிடாதீர்கள்.

ஒக்டோபரில் சீசன் முடிந்து வாடை தொடங்க முதல் இரண்டு வேலை இருக்கிறது. குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவவேண்டும், மழைக்கு முன் ஒரு முறை கட்டாயம். சேற்றில் நாள் கணக்காக நின்றால் குளம்பின் நடுவிலிருக்கிற மெத்தைப் பகுதி அழுகி நாறும், ஆகவே கொட்டிலை மேட்டில் போட்டு, படுக்கிற இடத்துக்கு உலர்ந்த வைக்கோல் விரியுங்கள். டெட்டனஸ் எனப்படும் ஏற்புவலி குதிரையை மற்ற வளர்ப்புப் பிராணிகளை விட எளிதாகப் பிடிக்கும், பழைய கொட்டில் என்றால் துருப்பிடித்த ஆணியும் கம்பியும் நிச்சயம் கிடக்கும். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று குதிரையை உங்களுக்கு விற்றவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாது என்றால் போடவில்லை என்று வைத்துக்கொண்டு, கிட்ட இருக்கிற அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு இந்தக் கிழமையே போய் ஏற்பாடு செய்யுங்கள். போகும்போது நெஞ்சுச் சுற்றளவையும் முகப் படங்களையும் கொண்டு போனால் வைத்தியருக்கு வேலை இலகு.